பழைய நட்பின் பாட்டு: ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் ஒன்றின் சொல்லும் பிறப்பும்

ஆண்டின் இறுதி நாளன்று நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் உலகின் பல நாடுகளில் ஒரே மெட்டு எழுகின்றது. பள்ளியை விட்டுப் பிரியும் மாணவர்க்கு வழியனுப்பு விழா நடப்பினும், சாரணர் பாசறை கலையினும் அதே மெட்டுத்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்கல்வி பெற்றவர்களுள் அதனைக் கேளாதார் சிலரே இருப்பர். கைகோத்து நின்று பாடியவர்களும் பலர் உளர். ஆயினும், பாடியவர்களை நிறுத்தி, பாடியதன் பொருள் யாது என்று வினவினால் பெரும்பாலோர் விடை கூறத் தயங்குவர். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோருள்ளும் பலர் அவ்வாறு தயங்குவர் என்பதே வியப்பு.

‘ஆல்ட் லாங் சைன்’ என்பது அப்பாட்டின் பெயர். இதனை இயற்றியவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கவிஞர் இராபர்ட் பர்ன்ஸ் என்று பாடநூல்கள் கூறும். பர்ன்சோ, இது தம் பாட்டன்று என்றும், முதியவர் ஒருவர் பாடக் கேட்டுத் தாம் எழுதிக்கொண்டது என்றும் கூறினார். இவ்விரு கூற்றுகளுள் மெய் எது? பாட்டிற் பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு? புதியது புகுந்தமையால் பாட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாட்டுப்பாடல்களைத் தொகுப்பதிலும் மாணவர்க்குக் கற்பிப்பதிலும் ஈடுபட்டுள்ள தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி பயன்படும் என்று நம்புகின்றோம்.

பெயரின் பொருள்

முதற்கண் பெயரை நோக்குவோம். பாட்டின் மொழி ஆங்கிலம் அன்று, ஸ்காட்ஸ் மொழி. பழைய ஆங்கிலத்தின் வடபகுதிக் கிளையிலிருந்து வளர்ந்து, ஆங்கிலத்திற்கு உடன்பிறப்பாய் நிற்பது அது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் வழங்கும் கேலிக் மொழி வேறு, இது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் இப்பாட்டைக் கேலிக் பாட்டு என்று எண்ணுவோரும் உளர்.

‘ஆல்ட்’ என்பது பழைய. ‘லாங்’ என்பது நெடிய. ‘சைன்’ என்பது முன்னர். ‘லாங் சைன்’ என்றால் நெடுநாள் முன்னர் என்பது பொருள். காலத்தைக் குறிக்கும் இத்தொடரையே ஒரு பெயர்போல் நிறுத்தி, அதன்முன் ‘பழைய’ என்னும் அடையையும் சேர்த்திருக்கின்றனர். ‘பழைய நெடுநாள் முன்னர்’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தமிழில் அது தொடராகவே நில்லாது. ஆங்கிலத்திலும் அவ்வாறே நில்லாது. ஆகவேதான் ஆங்கிலேயர் இதனை மொழிபெயர்க்காமல் அப்படியே பாடி வருகின்றனர். ‘சைன்’ என்பதன் முதலொலியை அவர்களுட் பலர் ‘இசட்’ எழுத்தின் ஓசையாக ஒலிப்பர். ஸ்காட்லாந்தினர் அதனைப் பிழை என்பர். ‘எஸ்’ எழுத்தின் ஓசையே உரியது.

தமிழில் இதற்கு நேரான சொல் உண்டா? உண்டு என்போம். திருக்குறளின் 81ஆம் அதிகாரத்தின் பெயர் ‘பழைமை’. ஆங்கே அச்சொல் வெறும் காலத் தொலைவைக் குறிக்கவில்லை. நெடுநாட் பழகிய நட்பையும், அப்பழக்கம் தரும் உரிமையையும் குறிக்கின்றது. ‘ஆல்ட் லாங் சைன்’ என்னும் தொடரும் அத்தகையதே. அதனுள் காலமும் இருக்கின்றது. அக்காலத்தில் உடனிருந்த மனிதரும் இருக்கின்றனர். பழைமையின் பொருட்டு என்று நாம் கூறினால் அப்பாட்டின் பல்லவிக்கு மிக அணுக்கமான தமிழாகும்.

பர்ன்சுக்கு முன்

பர்ன்ஸ் பிறந்தது 1759ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள். இப்பாட்டின் கருத்தோ அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஸ்காட்லாந்தில் வழங்கியது. எடின்பரோ நகரத்து வணிகர் ஜார்ஜ் பானட்டைன் என்பார் 1568இல் தம் நாட்டுப் பழம்பாடல்களைத் திரட்டிப் பெரிய கையெழுத்துச் சுவடி ஒன்றை உருவாக்கினார். பழைய அன்பு மறக்கப்பட்டதைப் பற்றிய பாட்டு ஒன்று அதில் உள்ளது. செல்வம் இருந்தபோது சூழ்ந்து நின்றவர்கள், அது போனபின் முகம் திருப்பியதை ஒருவன் சொல்லி வருந்துவது அதன் பொருள். ‘ஆல்ட் லாங் சைன்’ என்னும் தொடர் அதில் இல்லை. ஆயின் பழைய பழக்கம் மறக்கப்படலாமோ என்னும் மனக்குறை அதில் உண்டு.

அடுத்து வருவது காதற்பாட்டு. எடின்பரோ நகரில் அச்சகம் நடத்திய ஜேம்ஸ் வாட்சன், ஸ்காட்லாந்துப் பாடல்களின் தொகுப்பு ஒன்றை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். 1707இல் ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் இங்கிலாந்தின் பாராளுமன்றத்தோடு இணைக்கப்பட்டது. நாட்டின் ஆட்சி கைவிட்டுப் போன அக்காலத்தில் நாட்டின் பாடல்களையேனும் காக்க வேண்டும் என்னும் உணர்வு எழுந்தது. அவ்வுணர்வின் விளைவுகளுள் ஒன்று வாட்சன் தொகுப்பு. 1711இல் வந்த அதன் மூன்றாம் பகுதியில், பழைய பழக்கத்தை மறக்கலாமா என்னும் அதே வினாவோடு தொடங்கும் நீண்ட பாட்டு ஒன்று உள்ளது. ஆனால் வினவப்படுபவர் நண்பர் அல்லர். மனம் மாறிய காதலி. அவள் நெஞ்சம் குளிர்ந்துபோனதையும், செய்த சூளுரைகள் பொய்த்ததையும் காதலன் எடுத்துக்கூறி இரங்குகின்றான். அரசவைக் கவிஞராயிருந்து 1638இல் மறைந்த சர் இராபர்ட் எய்ட்டன் இதனை இயற்றினார் என்பர் சிலர். பிரான்சிஸ் செம்பில் என்பாரே ஆசிரியர் என்பர் வேறு சிலர்.

1724இல் ஆலன் இராம்சே என்னும் கவிஞர் வெளியிட்ட புகழ்மிக்க பாடல் தொகுப்பிலும் இதே வினாவோடு தொடங்கும் பாட்டு ஒன்று இடம்பெற்றது. போர்க்களத்திலிருந்து தழும்புகளோடு திரும்பும் வீரனை அவன் காதலி வரவேற்பது அதன் பொருள். வினா அதுவே, கதை வேறு.

இவற்றினும் இன்றியமையாத சான்று இசைநூல் ஒன்றில் உள்ளது. இலண்டனில் ஹென்றி பிளேபோர்ட் 1700இல் ஸ்காட்லாந்து மெட்டுகளின் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். அதில் ஒரு மெட்டின் தலைப்பாக இப்பாட்டின் பல்லவித் தொடர் காணப்படுகின்றது. அச்சுக்கோத்தவர் ‘சைன்’ என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பிழையாக அமைத்துவிட்டார்; எனினும் தொடர் அதுவே என்பதில் ஐயமில்லை. அத்தொடரின் இறுதியில் ‘மை ஜோ’ என்னும் விளியும் உள்ளது. ‘ஜோ’ என்பது அன்பே என்று அழைக்கும் ஸ்காட்ஸ் சொல். ஆகவே பல்லவி, பர்ன்ஸ் பிறப்பதற்கு 59 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாயில் இருந்தது என்பது தெளிவு.

பர்ன்ஸ் கூறியது

நிற்க. இனிப் பர்ன்சின் கூற்றை ஆராய்வோம். டம்பிரீஸ் நகருக்கு அருகில் எல்லிஸ்லாந்து என்னும் பண்ணையில் உழவு செய்துகொண்டிருந்த காலத்தில், 1788ஆம் ஆண்டு திசம்பர் மாதம், தம்மை ஆதரித்த டன்லப் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தோடு அவர் இப்பாட்டை அனுப்பினார். பழம்பாட்டு ஒன்று தம் உள்ளத்தை உருக்கியதாகவும், அதனைப் பாடிய பெயரறியாப் புலவரை வாழ்த்துவதாகவும் அதில் எழுதியிருந்தார். 1793இல் பாடல் பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சனுக்கு எழுதியபோது, இப்பாட்டு இதற்குமுன் அச்சிலோ கையெழுத்திலோ வந்ததில்லை என்றும், முதியவர் ஒருவர் பாடத் தாமே எழுதிக்கொண்டதாகவும் குறித்தார்.

இக்கூற்றை அப்படியே ஏற்க இயலாது. வினாவும் பல்லவியும் முன்னரே அச்சில் வந்திருந்தன என்பதை மேலே கண்டோம். இராம்சேயின் நூலைப் பர்ன்ஸ் நன்கு அறிந்தவர். அங்ஙனமாயின் அவர் பொய் உரைத்தாரா? அவசரப்பட்டு அவ்வாறு முடிவு கட்டுதல் முறையன்று. இந்த வடிவில் இப்பாட்டு முன்னர் வந்ததில்லை என்பதே அவர் கருத்தாயிருக்கலாம். அவ்வாறு கொண்டால் அவர் கூற்றில் முரணில்லை.

எடின்பரோவில் செதுக்குத் தொழில் செய்துவந்த ஜேம்ஸ் ஜான்சன், ஸ்காட்லாந்துப் பாடல்களை மெட்டுகளோடு ஆறு தொகுதிகளாக 1787 முதல் 1803 வரை வெளியிட்டார். தொகுதிக்கு நூறாக அறுநூறு பாடல்கள். பர்ன்ஸ் கூலி எதுவும் பெறாமல் அதற்காகப் பாடல்கள் திரட்டினார், திருத்தினார், இயற்றினார். 1796 சூலை 21ஆம் நாள் தம் 37ஆம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாண்டுக்குரிய ஐந்தாம் தொகுதியில் 413ஆம் பாடலாக இது அமைந்தது. பாடலின் கீழே ‘இசட்’ என்னும் எழுத்து உள்ளது. திருத்தமோ சேர்க்கையோ பெற்ற பழம்பாடல்களுக்கு அத்தொகுப்பில் இடப்பட்ட குறி அது. ஆகவே, முற்றிலும் பழையது என்றும் கூறாமல், தமது என்றும் கூறாமல், இடைப்பட்ட ஓர் உண்மையை அக்குறி கூறிவிட்டது.

இன்னும் ஒரு சான்று உண்டு. ஜான்சன் தொகுப்புக்கு விரிவான குறிப்புரை எழுதிய வில்லியம் ஸ்டென்ஹவுஸ், பர்ன்ஸ் ஜான்சனிடம் ஒப்புக்கொண்ட செய்தி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். பாட்டின் ஐந்து கண்ணிகளுள் மூன்றே பழையவை. இரண்டு தாம் பாடியவை என்பது அச்செய்தி. கிண்ணத்தையும் குடிகலத்தையும் பற்றிப் பேசும் மூன்றும் பழையவை. இளமை விளையாட்டுகளைப் பற்றிப் பேசும் இரண்டும் பர்ன்சுடையவை என்கின்றார் அவர். இது செவிவழிச் செய்தியே. ஆதலின் பாட்டினுள்ளேயே இதற்குச் சான்று கிடைக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டு கண்ணிகள்

மூன்றாம் கண்ணியும் நான்காம் கண்ணியும் இளமையை நினைவுகூர்கின்றன. இருவர் சிறுவயதில் குன்றுச்சரிவுகளில் ஓடித் திரிந்து காட்டுப்பூப் பறித்தனர். அதன்பின் களைத்த கால்களோடு நெடுந்தொலைவு அலைந்துவிட்டனர் என்பது மூன்றாம் கண்ணி. காலைக் கதிரவன் எழுந்ததிலிருந்து பகலுணவு வேளை வரையில் இருவரும் ஓடையில் கால் அளைந்து ஆடினர். அதன்பின் அகன்ற கடல்கள் அவர்களிடையே முழங்கிவிட்டன என்பது நான்காம் கண்ணி.

இவ்விரண்டின் அமைப்பை நோக்குக. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முற்பாதி கூடியிருந்த இன்பம். பிற்பாதி பிரிந்த துன்பம். முற்பாதியில் ஓடிய கால்களே பிற்பாதியில் களைக்கின்றன. முற்பாதியில் இருவரையும் சேர்த்துவைத்த நீரே பிற்பாதியில் கடலாய்ப் பரந்து இருவரையும் பிரிக்கின்றது. துயரம் என்ற சொல்லோ, பிரிவு என்ற சொல்லோ எங்கும் இல்லை. காலும் நீருமே அனைத்தையும் உணர்த்திவிடுகின்றன. வாட்சன் தொகுப்பில் உள்ள பழம்பாட்டில் நெஞ்சின் தீ, குளிர்ந்த மார்பு, பொய்த்த சூள் என வழக்கமான காதற்சொற்கள் நிரம்பிக் கிடக்கின்றன. குன்றும் இல்லை, ஓடையும் இல்லை, குறிப்பிட்ட இருவரின் வாழ்க்கையும் இல்லை.

இவ்வாறு பழம்பாட்டைப் புதுக்குவது பர்ன்சின் கைத்திறம் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. ‘ஜான் ஆண்டர்சன் மை ஜோ’ என்பது இழிந்த நகைப்புக்குரிய பழம்பாட்டு. பர்ன்ஸ் அதன் தொடக்கத்தையும் விளியையும் வைத்துக்கொண்டு, முதுமை எய்திய கணவனை மனைவி அன்போடு விளிக்கும் பாட்டாக மாற்றினார். 1790இல் ஜான்சனின் மூன்றாம் தொகுதியில் அது வந்தது. இளமையில் சேர்ந்து மலையேறியவர்கள் முதுமையில் கைகோத்து இறங்குவதாக அதில் வருகின்றது. மலை, கால், கை, அன்றும் இன்றும் என்னும் எதிர்நிலை ஆகிய அனைத்தும் நம் பாட்டிலும் உள்ளன. ஸ்டென்ஹவுஸ் கூறிய செய்தியைப் பாட்டின் நடையே உறுதி செய்கின்றது என்பது எம் துணிபு.

கடல் பற்றிய குறிப்பும் வெற்றுக் கற்பனையன்று. 1786இல் வறுமையாலும் குடும்பத் தொல்லையாலும் நைந்த பர்ன்ஸ், ஜமெய்க்காத் தீவிலுள்ள தோட்டம் ஒன்றில் கணக்குப் பணிக்குச் செல்லப் பயண ஏற்பாடு செய்திருந்தார். அவ்வாண்டு வெளியான அவருடைய முதல் நூல் பெற்ற வரவேற்பே அவரை நாட்டில் நிறுத்தியது. அவர் காலத்தில் ஸ்காட்லாந்தை விட்டு அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றோர் பலர். கப்பலேறிய நண்பன் மீளுவான் என்பதற்கு உறுதியில்லாத நாட்டில் பிறந்த கண்ணி அது. கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அதன் பொருளை எவரும் உரை எழுதி விளக்க வேண்டுவதில்லை.

இவ்விரு கண்ணிகளையும் நீக்கிவிட்டுப் பாட்டைப் படித்துப் பாருங்கள். பழைய நட்பை மறக்கலாமா என்பார், ஆளுக்கொரு கலம் குடிப்போம் என்பார், கைகொடு என்பார், மீண்டும் குடிப்போம் என்பார். அது நல்ல குடிப்பாட்டு, அவ்வளவே. ஏன் மறக்கலாகாது என்பதற்கு விடை அதில் இல்லை. பர்ன்சின் இரு கண்ணிகளே அவ்விடையைத் தருகின்றன.

சொற்பிரிப்பும் பிழையும்

இனிச் சொற்களுக்கு வருவோம். வாய்வழி வழங்கும் பாட்டில் சொற்கள் திரிவது இயல்பு. இப்பாட்டில் நேர்ந்த திரிபுகளுள் ஒன்று தமிழாசிரியர்க்கு மிகவும் சுவை தருவது.

இறுதிக் கண்ணியில் ‘குட்-வில்லி வாக்ட்’ என்று ஒரு தொடர் வருகின்றது. ‘குட்-வில்லி’ என்பது நல்லெண்ணம் உடைய என்னும் ஒரே அடைச்சொல். ‘வாக்ட்’ என்பது ஒரே மூச்சில் பருகும் பெருமடக்கு. நல்லெண்ணத்தோடு பருகும் மடக்கு என்பது பொருள். இதனை அறியாத பதிப்பாளர்கள் இணைப்புக்குறியை இடம் மாற்றி, ‘குட்’ என்பதைத் தனியே பிரித்து, ‘வில்லி-வாக்ட்’ என்பதை ஒரு சொல்லாக்கினர். அவ்வாறு ஒரு சொல் ஸ்காட்ஸ் மொழியில் என்றும் இருந்ததில்லை. ஆனால் பிற்கால எழுத்தாளர் சிலர் அதனை மெய்ச்சொல்லாகவே ஆளத் தொடங்கினர். ஆங்கில அகராதியும் அதனைப் பதிந்து, தவறான பிரிப்பாற் பிறந்தது என்று குறிப்பெழுத நேர்ந்தது. ‘தாமரை’ என்பதைப் பூவாகவும் ‘தா, மரை’ என்று பிரித்தும் பொருள் காட்டுவது நம் வகுப்பறை வழக்கம். அங்கே இரு பொருளும் மொழிக்கு உரியவை. இங்கே பிரிப்புப் பிழையால் இல்லாத சொல் ஒன்று பிறந்துவிட்டது.

அதே கண்ணியில் தோழனைக் குறிக்க ‘பியர்’ என்னும் பழஞ்சொல் வருகின்றது. உடன் செல்பவன் என்பது அதன் அடிப்பொருள். வழக்கொழிந்த சொல்லாதலின் அதற்கு மாறாக ‘பிரெண்ட்’ என்று எழுதியும் பாடியும் வருகின்றனர். பொருள் பெரிதும் மாறவில்லை. ஆனால் வழித்துணை என்னும் நயம் போயிற்று. முந்திய கண்ணிகளில் கால்களைப் பற்றிப் பேசிய பாட்டில் அந்நயம் வேண்டுவதே.

பல்லவியிலும் மாற்றம் உண்டு. ஜான்சன் தொகுதியில் ‘மை ஜோ’ என்றிருப்பது, தாம்சன் 1799இல் வெளியிட்ட பதிப்பில் ‘மை டியர்’ என்று காணப்படுகின்றது. பிளேபோர்ட் நூலின் சான்றால் ‘ஜோ’ என்பதே பழைய பாடம் என்று கொள்ளலாம். இக்காலத்தார் மேலும் ஒருபடி சென்று, பல்லவியில் ‘பொருட்டு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களை இடையே செருகிப் பாடுகின்றனர். பர்ன்சின் பாடத்தில் அவை இல்லை. மெட்டில் ஓரிடம் வெறுமையாய் நிற்பதாக எண்ணி நாவே நிரப்பிக்கொண்ட சொற்கள் அவை.

மெட்டின் வரலாறு

நாம் இன்று கேட்கும் மெட்டு, 1796இல் இச்சொற்களோடு அச்சான மெட்டு அன்று. ஜான்சன் தொகுதியில் உள்ள பழைய மெட்டு அமைதியானது. தனித்து ஒருவர் பாடுவதற்கு ஏற்றது. அம்மெட்டு சிறப்பற்றது என்று பர்ன்சே தாம்சனுக்கு எழுதினார். 1794இல் எழுதிய மற்றொரு கடிதத்தில், வேறொரு மெட்டு நாட்டுப்புற நடனமாக எங்கும் ஒலிப்பதையும் குறிப்பிட்டார். 1799இல் தாம்சன் அந்த நடனமெட்டோடு சொற்களை இணைத்து வெளியிட்டார். உலகம் ஏற்றுக்கொண்டது இவ்விணைப்பையே. பர்ன்ஸ் மறைந்து மூன்றாண்டுகள் கழிந்துவிட்டமையால், இன்று தம் பெயரோடு பாடப்படும் வடிவத்தை அவர் அச்சிற் கண்டதில்லை.

நடனமெட்டுக்கும் உரிமை வழக்கு உண்டு. ஆங்கில இசைப்புலவர் வில்லியம் ஷீல்ட் அமைத்த ‘ரோசினா’ என்னும் இசைநாடகம் 1782 திசம்பர் 31ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. அதன் முன்னிசையில் இம்மெட்டு வருவதால் அவரே இதனை ஆக்கினார் என்பர் சிலர். ஆனால் அப்பகுதி ஸ்காட்லாந்தின் துருத்திக்குழல் இசையைப் பின்பற்றி அமைந்தது. ‘மாவரைப்போன் திருமணம்’ என்று பொருள்படும் பெயரில், இதன் சாயலுடைய நடனமெட்டு ஒன்றை ஷீல்டுக்கு முன்னரே எடின்பரோவில் பிரெம்னர் என்பார் அச்சிட்டிருந்தார். ஆதலின் ஷீல்டும் பொதுச் சொத்திலிருந்தே எடுத்தார் என்று கொள்வதே பொருத்தம்.

இம்மெட்டு ஐந்தே சுரங்களால் ஆனது. அவை நம் மோகன இராகத்திற்கு உரிய ஐந்து சுரங்களே. சுரங்கள் ஒத்தமையால் இராகமும் ஒன்றாகிவிடாது. எனினும் நம் செவிக்கு இது அயலாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே. சீனம், சப்பான் முதலிய கீழ்த்திசை நாடுகளின் இசையிலும் ஐஞ்சுர அடுக்குகள் வேரூன்றியவை. மெட்டு அங்கெல்லாம் எளிதிற் பரவியது வியப்பன்று.

கடல் கடந்த பாட்டு

சப்பானில் 1881இல் வெளியான தொடக்கப்பள்ளிப் பாட்டு நூலில் இம்மெட்டு புகுந்தது. அங்கே சொற்கள் முற்றிலும் வேறு. மின்மினியின் ஒளியிலும் சன்னலோரப் பனியின் வெளிச்சத்திலும் படித்த மாணவர்கள் பிரிந்து செல்வதாக அப்பாட்டு அமைந்தது. இன்றும் பள்ளிப் பட்டமளிப்பை நினைவூட்டும் இசை அது. கடைகள் மூடும் வேளையிலும் ஒலிப்பது. கொரிய மக்கள் தங்கள் நாட்டுப்பண்ணின் சொற்களை முன்னர் இம்மெட்டிலேயே பாடினர். தென்கொரியக் குடியரசு அமைந்த 1948ஆம் ஆண்டிலிருந்து ஆன் இக்தே என்பாரின் மெட்டு அதற்கு உரியதாயிற்று. அதே 1948இல் மாலத்தீவின் நாட்டுப்பண்ணை முகம்மது ஜமீல் தீதி இம்மெட்டுக்கே எழுதினார். 1972இல் இலங்கையின் இசைவாணர் அமரதேவா புதிய மெட்டு அமைத்தபின் பழைய மெட்டு அங்கே விடைபெற்றது. அமெரிக்காவில் கை லொம்பார்டோ என்பாரின் இசைக்குழு 1929ஆம் ஆண்டின் இறுதி இரவில் நியூயார்க்கிலிருந்து வானொலிவழி இதனை வாசித்தது. ஆண்டுதோறும் தொடர்ந்த அவ்வழக்கம், புத்தாண்டோடு இப்பாட்டை உலகெங்கும் பிணைத்துவிட்டது.

இவ்விடங்களிலெல்லாம் மெட்டு சென்றது. பர்ன்சின் இரு கண்ணிகள் செல்லவில்லை. ஆங்கிலத்திலேயே பாடுகின்ற கூட்டங்களும் முதற்கண்ணியையும் பல்லவியையும் பாடி நிறுத்திக்கொள்கின்றன. பழையது எதுவோ அது பாடப்படுகின்றது. பர்ன்ஸ் தந்தது எதுவோ அது விடப்படுகின்றது. மறக்கலாமா என்று வினவும் பாட்டிலே மறக்கலாகாது என்பதற்குரிய காரணமே மறக்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஒருவர் மறக்கவில்லை. 1878இல் கல்வி கற்க இங்கிலாந்து சென்ற இளைஞர் இரவீந்திரநாத தாகூர், இம்மெட்டின் சாயலில் வங்கமொழியில் ஒரு பாட்டுப் பாடினார். ‘புரானோ ஷேய் தினேர் கொதா’ என்று தொடங்கும் அதன் பெயருக்கு அந்தப் பழைய நாட்களின் கதை என்பது பொருள். விடியற்காலையில் பூப் பறித்தது, ஊஞ்சல் ஆடியது, மகிழமரத்தின் அடியில் குழல் ஊதிப் பாடியது ஆகியவற்றைத் தாகூர் அதில் நினைவுகூர்கின்றார். பின்னர்ப் பிரிவு வருகின்றது. மீண்டும் காணும் வேளையும் வருகின்றது. ஸ்காட்லாந்தின் குன்றும் ஓடையும் போய், வங்கத்தின் ஊஞ்சலும் மகிழமரமும் வந்தன. மதுக்கிண்ணத்திற்கு மாறாக, இன்பமும் துன்பமும் பேசி உள்ளம் குளிர்வோம் என்னும் அழைப்பு வந்தது. சொற்கள் அனைத்தும் வேறு. ஆயினும் பர்ன்ஸ் சேர்த்த இரு கண்ணிகளின் உயிர் அங்கே அப்படியே இருக்கின்றது. பாட்டின் நடு எது என்பதைக் கவிஞருக்குக் கவிஞர் கண்டுகொண்டார்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வாராய்ச்சியால் விளங்குவன யாவை? வினாவும் பல்லவியும் பெயரறியாத மக்களுடையவை. மெட்டு நடனக்காரருடையது. குடிகலம் பற்றிய கண்ணிகள் முன்னோருடையவை. குன்றும் ஓடையும் பர்ன்சுடையவை. ‘பர்ன்ஸ் இயற்றியது’ என்னும் பாடநூற் கூற்றும் குறையுடையது. ‘முதியவர் பாடியது’ என்னும் பர்ன்சின் கூற்றும் குறையுடையது.

பழம்பாட்டில் தம் கண்ணிகளைச் சேர்த்தது குற்றம் என்று பர்ன்சைக் கடிந்துரைப்பார் உளர். தொகுப்பாளர் என்ற நிலையில் அவர் எவை பழையவை, எவை தம்முடையவை என்று அச்சிலேயே பிரித்துக் காட்டியிருத்தல் வேண்டும். ஓர் எழுத்துக் குறி போதாது. இக்குறையை நாமும் மறுக்கவில்லை. இன்று நாட்டுப்பாடல் தொகுப்போர் அவ்வழியைப் பின்பற்றலாகாது. கேட்டதைக் கேட்டவாறே எழுதி, திருத்தம் செய்யின் அதனை வெளிப்படக் கூறுதலே நேர்மை. ஆனால் கவிஞர் என்ற நிலையில் அவர் செய்தது கொடை. புகழ் வேண்டிப் பிறர் பாட்டைத் தமது என்பார் உலகிற் பலர். தம் சிறந்த அடிகளைப் பெயரறியா முதியவர் ஒருவருக்கு உரிமையாக்கிவிட்டு ஒதுங்கி நின்றவர் பர்ன்ஸ்.

ஆசிரியப் பெருமக்கள் அடுத்த முறை மாணவர்க்கு இப்பாட்டைக் கற்பிக்கும் வாய்ப்பு நேர்ந்தால், முதற்கண்ணியோடு நிறுத்திவிடாமல் மூன்றையும் நான்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுகின்றோம். கைகோத்து நிற்கும் சிறுவர் தாம் எவ்வோடையில் யாரோடு விளையாடினோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், பழைமை என்னும் சொல்லுக்கு அதனினும் சிறந்த உரை வேண்டா.